வைரஸ் நுரையீரலில், அடி இதயத்துக்கு: நோயெதிர்ப்பு அளவு மீறினால் என்ன ஆகிறது?

ஃப்ளூ வைரஸ் மூக்கில் தொடங்கி நுரையீரல் வரை உள்ள சுவாசப் பாதையின் உட்படலத்தில்தான் பெருகும். அதன் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் என்றொரு புரதம் இருக்கிறது. அதைக் குறிப்பிட்ட சில நொதிகள் வெட்டிவிட்டால்தான் வைரஸால் அடுத்த செல்லுக்குள் நுழைய முடியும். அந்த நொதிகள் பெரும்பாலும் சுவாசப் பாதையில்தான் இருக்கின்றன. அதனால் பருவகால ஃப்ளூ வந்தவரின் ரத்தத்தில் வைரஸைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. பரிசோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களுக்கு அடுத்த 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே நபர்களின் மற்ற நாட்களோடு ஒப்பிட்டால் 6 மடங்காக இருந்தது. ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸுக்கு இது மூன்றரை மடங்கு. 7 நாள் கழிந்த பிறகு அந்தக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. வைரஸ் எட்டிக்கூடப் பார்க்காத இதயத்துக்கு இந்த ஒரு வாரத்தில் என்ன நேர்கிறது என்று புரிந்துகொண்டால், கடுமையான சளிக்காய்ச்சலில் சிறுநீரகம், மூளை, கல்லீரல் எல்லாம் ஏன் அடிபடுகின்றன என்பதும் புரிந்துவிடும்.

பக்கத்துச் செல்லுக்குச் சொன்ன சேதி

வைரஸ் நுழைந்த செல், தனக்குள் அந்நியமான ஆர்.என்.ஏ. (வைரஸின் மரபுப்பொருள்) இருப்பதைச் சில மணி நேரத்தில் கண்டுகொள்ளும். உடனே இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடும். 1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மனும் கண்டுபிடித்தது இதைத்தான். இன்டர்ஃபெரான் பட்ட அண்டைச் செல்கள் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிட்டு, வைரஸ் வந்தாலும் பெருக முடியாத நிலைக்குத் தங்களை மாற்றிக்கொள்ளும்.

இதையடுத்து இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். போன்ற சேதிப் புரதங்கள் வெளிவரும். இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் சைட்டோகைன். வெள்ளையணுக்களை அந்த இடத்துக்கு வரவழைப்பது இவற்றின் வேலை. இவை சில செல்கள் தொலைவுக்குள் கேட்க வேண்டிய சேதிகள். அளவு கூடினால் ரத்தத்தில் கலந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரிடம் மெல்லச் சொல்ல வேண்டியதைக் கோயில் திருவிழா ஒலிபெருக்கியில் சொன்னது போல, ஊர் முழுக்கக் கேட்டுவிடும். ஒவ்வோர் உறுப்பும் அதைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும்.

இன்டர்லூக்கின்-6 மூளைக்குப் போனால் காய்ச்சல். கல்லீரலுக்குப் போனால் சி.ஆர்.பி., ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்களின் உற்பத்தி எகிறும். எலும்பு மஜ்ஜைக்குப் போனால் தட்டணுக்களும் வெள்ளையணுக்களும் கூடுதலாக இறங்கும். காய்ச்சல், உடம்புவலி, பசியின்மை, எழுந்திருக்கவே பிடிக்காத அசதி ஆகிய எல்லாமே பெரும்பாலும் இந்தப் புரதங்களின் கைவரிசைதான். பெரும்பாலானோருக்கு 5 முதல் 7 நாட்களில் டி-செல்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும். இந்தச் சேதிகளால் திசுக்களில் மூளும் வீக்கமும் கொதிப்புமான அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 போன்றவை மேலோங்கும். எல்லாம் அடங்கிவிடும்.

அடங்காமல் போவது ஏன்?

'எதிர்ப்பு சக்தி அளவுக்கு அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் இப்படி ஆகும்' என்று பலர் நினைக்கிறார்கள். பல நோயாளிகளில் நடப்பது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு. தொடக்கத்தில் தேவையான இன்டர்ஃபெரான் வரவில்லை. வைரஸ் தடையில்லாமல் பெருகியது. பிறகு தாமதமாக விழித்துக்கொண்ட உடல், குவிந்து கிடக்கும் வைரஸையும் செத்த செல்களையும் பார்த்து மிதமிஞ்சி வினையாற்றுகிறது.

தாமதத்துக்கு வைரஸும் ஒரு காரணம். ஃப்ளூ வைரஸின் என்.எஸ்.1 என்ற புரதத்தின் முக்கிய வேலையே இன்டர்ஃபெரான் உற்பத்தியை அமுக்குவதுதான். சில நேரம் கோளாறு நம் பக்கம் இருக்கும். 2020-ல் உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியா வந்த 987 பேரைப் பரிசோதித்ததில், 101 பேரின் ரத்தத்தில் அவர்களுடைய சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. லேசான தொற்றோடு தப்பியவர்களிடம் அவை காணப்படவில்லை. வயது கூடக்கூட முதல்கட்ட வேகம் குறைகிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கொழுப்புத் திசுவே சும்மா இருக்கும்போதும் இன்டர்லூக்கின்-6-ஐச் சுரந்துகொண்டிருக்கிறது. சர்க்கரை நோயிலும் அடிப்படை அழற்சி ஏற்கெனவே ஒரு படி மேலே நிற்கிறது.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை மெர்ஸ் கொரோனா வைரஸ் செலுத்திய எலிகளிடம் தெளிவாகப் பார்க்கலாம். தொற்று ஏற்பட்ட ஒரு நாளுக்குள் இன்டர்ஃபெரான் கொடுத்தபோது எலிகள் பிழைத்தன. வைரஸ் உச்சத்துக்குப் போன பிறகு அதே இன்டர்ஃபெரானைக் கொடுத்தபோது, பிழைத்திருக்க வேண்டிய எலிகளும் நிமோனியாவில் செத்தன.

அதனால்தான் 'இம்யூனிட்டியைக் கூட்டும்' என்று விற்கப்படும் பொடிகளையும் சூரணங்களையும் பார்க்கும்போது கவலை வருகிறது. கூட்டுவது, குறைப்பது என்று திருப்ப உடலில் ஒற்றைக் குமிழ் எதுவும் கிடையாது. சரியான நாளில் தொடங்கி, சரியான நாளில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தொடக்கத்தை முன்கூட்டிப் பழக்குவதாக நிரூபணமானது தடுப்பூசி.

சைட்டோகைன்கள் கட்டுமீறிப் பெருகுவதைக் குறிக்கும் 'சைட்டோகைன் புயல்' என்ற சொல்லையும் கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். கடுமையான கொரோனா நோயாளிகளின் ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 அளவு, பாக்டீரியா தொற்றால் ரத்தம் நஞ்சாகும் செப்சிஸ் நோயாளிகளோடு ஒப்பிட்டால் சராசரியில் பல மடங்கு குறைவாகவே இருந்தது. ஆகவே ரத்த அளவு மட்டும் கதையைச் சொல்லிவிடாது. எந்தத் திசுவில், எத்தனை நாள், எந்த வெள்ளையணுக்களோடு சேர்ந்து என்பதையெல்லாம் பொறுத்துத்தான் சேதம்.

எல்லா உறுப்புக்கும் பொதுவான இடம்: ரத்தநாளத்தின் உட்சுவர்

நுரையீரலின் காற்றுப்பைக்கும் அதை ஒட்டிய நுண்ணிய ரத்தநாளத்துக்கும் இடையே உள்ள சுவர் மிக மெல்லிய இடங்களில் அரை மைக்ரான்கூட இருக்காது. ஆக்ஸிஜன் தங்கு தடையின்றிக் கடக்க அவ்வளவு மெலிவு தேவை. அழற்சிப் புரதங்கள் பட்டதும் ரத்தநாளத்தின் உட்செல்கள் ஒன்றோடொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகின்றன. புரதம் நிறைந்த நீர் காற்றுப்பைக்குள் கசிகிறது. படையெடுத்து வந்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் எலாஸ்டேஸ் போன்ற நொதிகளைக் கொட்டுகின்றன. அவை வைரஸ் உள்ள செல், இல்லாத செல் என்று பார்க்காமல் அரிக்கும். காற்றுப்பையில் நீர் நிரம்பினால் அந்தப் பக்கம் ஓடும் ரத்தம் ஆக்ஸிஜன் ஏறாமலே திரும்பும். தீவிர சுவாசக் கோளாறு என்று ஐ.சி.யூ.வில் சொல்லும் ஏ.ஆர்.டி.எஸ். இதுதான்.

அதே உட்செல்கள் சாதாரண நாட்களில் ரத்தம் உறையாமல் வழுக்கலாக வைத்திருப்பவை. அழற்சி வந்தால் குணம் மாறி, உறைதலைத் தொடங்கிவைக்கும் திசுக்காரணி வெளிப்படுகிறது. நியூட்ரோஃபில்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலைபோல வெளியே வீசுகின்றன. கிருமியைப் பிடிக்க வீசிய அந்த வலையில் தட்டணுக்களும் சிக்கி நுண்கட்டிகள் உருவாகின்றன. இவை நுரையீரலோடு நிற்பதில்லை.

இந்த உட்செல்கள் வெறும் பலியாட்கள்தானா, அழற்சியைப் பெருக்குவதில் அவற்றுக்கும் பங்கு உண்டா? 2011-ல் ஃப்ளூ தொற்றிய எலிகளில் இந்த உட்செல்களைத் தணிக்கும் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சைட்டோகைன்கள் இறங்கின, எலிகளின் சாவும் குறைந்தது. வைரஸைக் கொல்லும் மருந்தல்ல அது. பல எலிகளைக் கொன்றுகொண்டிருந்தது எது என்பதற்கு இதைவிட நேரடியான விடை கிடைப்பது கடினம்.

இதயம்

இந்த அழற்சி இதயத்தை மூன்று வழியில் அடிக்கிறது. முதல் வழி பழைய கொழுப்புப் படிவு. இதயத் தமனியில் பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்த படிவுக்கு மேல் ஒரு நார்மூடி இருக்கும். உள்ளே இருக்கும் மேக்ரோஃபேஜ் வெள்ளையணுக்கள் அழற்சிச் சேதி கேட்டு நொதிகளைச் சுரந்தால் அந்த மூடி மெலிந்து கிழியும். ஏற்கெனவே உறையத் துடிக்கும் ரத்தம் அங்கே கட்டியாகும். அடைப்பு. ஒன்டாரியோவில் கண்ட அந்த ஒரு வாரத்து மாரடைப்புகளுக்கு இது முக்கியமான விளக்கம்.

இரண்டாவது, தேவைக்கும் வரத்துக்கும் இடையிலான இடைவெளி. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும். இதயத் தசைக்கு ரத்தம் போவது பெரும்பாலும் அது விரிந்து ஓய்வெடுக்கும் நேரத்தில்தான். துடிப்பு கூடினால் அந்த ஓய்வு நேரம் சுருங்கும். கூடவே ஆக்ஸிஜனும் குறைந்திருந்தால் அடைப்பே இல்லாமல்கூட இதயத் தசை காயப்படும்.

மூன்றாவது, இதயத்துக்குள்ளேயே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள். இயல்பாக இவை பழுதான பொருள்களை அகற்றி, இதயத் தசையைப் பராமரித்து வருபவை. மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், வைரஸே இல்லாமல் எலிகளின் நுரையீரலில் அழற்சியை மட்டும் உண்டாக்கினார்கள். இதயத்தில் அழற்சி வகை மேக்ரோஃபேஜ்கள் பெருகின, இதயத்தின் இயக்கம் பலவீனமானது. டி.என்.எஃப். புரதத்தை முடக்கும் ஆன்டிபாடி கொடுத்தபோது இதயம் தாக்குப்பிடித்தது. வைரஸ் வரவில்லை, சேதி மட்டும் வந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

இதன் நடைமுறைப் பயனை 2021-ல் வெளியான ஒரு மருத்துவப் பரிசோதனையில் பார்க்கலாம். மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்த 2,500-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு ஃப்ளூ தடுப்பூசியும் மீதிப் பேருக்கு மருந்தில்லா ஊசியும் போட்டார்கள். ஓராண்டில் தடுப்பூசி போட்டவர்களில் 2.9 சதவீதம் பேரும், போடாதவர்களில் 4.9 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். நம் ஊரில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதிக் கொடுக்கும் அளவுக்கு இந்த ஊசி பரிந்துரைக்கப்படுவதில்லை என்பது வருத்தமான விஷயம்.

குழந்தைகளின் மூளை, பிறகு மற்ற உறுப்புகள்

ஃப்ளூ காய்ச்சல் தொடங்கிய ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள், மிக அரிதாகச் சில குழந்தைகளுக்கு வலிப்பும் நினைவிழப்பும் வரும். ஸ்கேன் எடுத்தால் மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் இரு பக்கமும் ஒரே மாதிரி சிதைந்திருக்கும். 1990-களில் ஜப்பானிய மருத்துவர்கள் தனி நோயாக அடையாளம் கண்ட திசுச்சிதைவு மூளைநோய் இது. தண்டுவட நீரில் வைரஸைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை, கிடைப்பது ஏராளமான இன்டர்லூக்கின்-6. மூளையின் ரத்தநாளச் சுவர் கசிந்துதான் இந்தச் சேதம். காய்ச்சலில் சோர்ந்து தூங்கும் குழந்தையையும், எழுப்பினாலும் கண்ணைப் பார்த்துப் பேசாத குழந்தையையும் பெற்றோர் பிரித்தறிய வேண்டும். இரண்டாவது வகை என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

முதியவர்களில் மூளைப் பாதிப்பு வேறு முகத்தோடு வரும். காய்ச்சலோ இருமலோ பெரிதாக இல்லாமல் திடீரென்று ஆள் அடையாளம் குழம்புவது, இரவில் உளறுவது ஆகியவையே நிமோனியாவின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

கொரோனாவில் குழந்தைகளுக்கு இன்னொரு வகையும் உண்டு. தொற்று ஆறி 2 முதல் 6 வாரம் கழித்து, விடாத காய்ச்சல், வயிற்றுவலி, சிவந்த கண், தோல் தடிப்பு, இதயத் தளர்ச்சி என்று வரும் பல்லுறுப்பு அழற்சி. 2020 ஏப்ரலில் பிரிட்டன் மருத்துவர்கள் முதலில் எச்சரித்தார்கள். அந்த நேரத்தில் மூக்கில் வைரஸ் பெரும்பாலும் இருக்காது. கிலோவுக்கு 2 கிராம் என்ற கணக்கில் நரம்பு வழி இம்யூனோகுளோபுலின் என்ற ஆன்டிபாடிக் கலவையும், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டும் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளின் இதயம் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

சிறுநீரகம் அடிபடுவது ரத்த அழுத்தம் குறைவதாலும் நுண்கட்டிகளாலும் நீர்ச்சத்து இழப்பாலும். 50 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 25 மி.லி.க்குக் குறைவாக, தொடர்ந்து 6 மணி நேரம் சிறுநீர் கழித்தால் அது சிறுநீரகப் பாதிப்பின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லீரலில் என்சைம்கள் ஏறும். நுரையீரலில் பழகிய டி-செல்கள் ரத்தத்தோடு வந்து கல்லீரலில் தங்கி அழற்சி உண்டாக்குவதை, அங்கே வைரஸ் இல்லாத நிலையிலேயே, எலிகளில் கண்டிருக்கிறார்கள். இது பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

ஒரே மருந்து, இரண்டு முகம்

அழற்சிதான் எதிரி என்றால் முதல் நாளே ஸ்டீராய்டு போட்டுவிடலாமே என்று தோன்றும். 2020-ல் பிரிட்டனில் கொரோனா நோயாளிகளிடம் நடந்த ரெக்கவரி என்ற பரிசோதனை இதற்குத் தெளிவான விடை தந்தது. கொடுத்த ஸ்டீராய்டு டெக்சாமெத்தசோன், தினம் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2-லிருந்து 23.3 ஆனது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களில் நன்மை ஏதும் தெரியவில்லை, எண்கள் தீமையின் பக்கம் சாய்ந்திருந்தன: மருந்து பெறாதவர்களில் இறப்பு 14 சதவீதம், பெற்றவர்களில் 17.8.

காரணம் நேரம்தான். முதல் வாரத்தில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால், ஏற்கெனவே தாமதமான எதிர்ப்பை இன்னும் தாமதப்படுத்துகிறோம். 7, 8 நாள் கழிந்து ஆக்ஸிஜன் இறங்கும்போது வைரஸ் பெரும்பாலும் குறைந்திருக்கும், எஞ்சியிருப்பது அழற்சி. அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப், பாரிசிட்டினிப் போன்ற மருந்துகளுக்கும் இதே கணக்கு. ஃப்ளூவுக்கு இதை அப்படியே பெயர்த்து வைக்கவும் முடியாது. ஃப்ளூ நிமோனியாவில் ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்ததாகப் பல கண்காணிப்பு ஆய்வுகள் காட்டின. அங்கே முதலில் தேவை வைரஸ் எதிர்ப்பு மருந்து: ஓசெல்டாமிவிர் 75 மி.கி., தினம் இரண்டு வேளை, 5 நாள். அதிலும் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

2021-ன் இரண்டாவது அலையில் இந்தியா முழுக்க ஸ்டீராய்டுகள் தேவையில்லாதவர்களுக்கும், தேவைக்கு மிஞ்சிய அளவிலும் போய்ச் சேர்ந்தன. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையோடு அது சேர்ந்தபோது கருப்புப் பூஞ்சை பல்லாயிரம் பேரைத் தாக்கியது. தமிழ்நாடு அரசு அந்த மே மாதம் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஒரு பக்கத்துக் கன்னவலி, மூக்கில் கறுத்த சளி, ஆடும் மேல்பல், இரட்டைப் பார்வை என்று தொடங்கி, கண்ணையே எடுக்க வேண்டிய நிலைக்குப் பலர் போனார்கள். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் டெக்சா மாத்திரை கேட்டு வாங்குவதை இன்றும் பார்க்க முடிகிறது. காய்ச்சல் சட்டென்று இறங்கும், பசி எடுக்கும், குணமானது போலத் தோன்றும். வைரஸ் உள்ளே தன் போக்கில் பெருகும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

நாள் கணக்கை எழுதி வையுங்கள். முதல் அறிகுறி தோன்றிய நாள் 1. கொரோனாவில் 7 முதல் 10-ஆம் நாள் வரை அதிகக் கவனம் தேவை. ஃப்ளூவில் 3, 4-ஆம் நாளிலேயே மூச்சுத்திணறல் வரலாம். நன்றாகத் தேறியவருக்கு மறுபடி காய்ச்சல் ஏறிச் சளி நிறம் மாறினால் பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வைக்கும் முன் 5 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். விரல் சூடாக இருக்க வேண்டும், நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் இருக்கக் கூடாது. எண் நிலைக்க ஒரு நிமிடம் விடுங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது நிறுவப்பட்டது. ஆகவே 94, 95 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே மூச்சு வாங்கினால் எண்ணை நம்பாமல் ஆளைப் பாருங்கள். 6 நிமிடம் நடந்த பின் 3, 4 புள்ளி இறங்கினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்.

ரத்த அறிக்கையில் அலகைப் பார்க்காமல் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி.யைச் சில லேப்கள் லிட்டருக்கு மி.கி. என்றும் சில டெசிலிட்டருக்கு மி.கி. என்றும் தருகின்றன. ஒன்றில் 120 என்பது மற்றதில் 12. ரத்தக்கட்டி உருவாவதைக் காட்டும் டி-டைமரிலும் இரண்டு அலகு முறைகள் உண்டு, ஒன்று மற்றதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நேற்று ஒரு லேப், இன்று வேறொரு லேப் என்று எடுத்தால் ஏறியதா இறங்கியதா என்றே தெரியாது. சி.ஆர்.பி. உச்சத்தை எட்ட ஏறத்தாழ 48 மணி நேரம் ஆகும் என்பதால், காய்ச்சலின் முதல் நாளிலேயே எடுத்துவிட்டு 'நார்மல்' என்று இருந்துவிடக் கூடாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்: பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மி.கி., குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., 6 மணி நேர இடைவெளியில். ஃப்ளூ காய்ச்சலில் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. கல்லீரலையும் மூளையையும் ஒருசேரத் தாக்கும் ரை நோய்க்கு அது வழிவிடும். நீர்ச்சத்து குறைந்தவர் இபுப்ரோஃபென் எடுத்தால் சிறுநீரகத்துக்குச் சுமை.

நெஞ்சுவலி, இடது கை கனப்பு, காரணமில்லாத வியர்வை என்று காய்ச்சல் வாரத்தில் எது வந்தாலும் 'ஃப்ளூ உடம்புவலி' என்று தள்ளிவிடாமல் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். இதயத் தசை அழற்சி உறுதியாகி வீடு திரும்பியவர்கள் 3 முதல் 6 மாதம் ஓட்டம், ஜிம், கடும் விளையாட்டு எதிலும் இறங்கக் கூடாது. ஆறிக்கொண்டிருக்கும் தசையில் கடும் உழைப்பு ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறைக் கிளப்பக்கூடும். ஸ்டீராய்டு எடுத்தவர்கள் இதுவரை சர்க்கரை இல்லாதவராக இருந்தாலும், மருந்து ஓடும் நாட்களில் தினமும் மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்து ஒருமுறை விரல் நுனியில் சர்க்கரை பார்க்க வேண்டும். காலையில் போட்ட ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுவது மதியத்திலிருந்து மாலைக்குள்தான். காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் அது பிடிபடாமல் போய்விடும்.